பழைய அச்சுப் படத்தில் இருக்கும் சீமாட்டி யார்? கண்டுபிடிக்கும் முறை

ஐரோப்பியச் சீமாட்டி ஒருவரின் பழைய அச்சுப் படம் கிடைத்தால் முதலில் முகத்தைத்தான் பார்ப்போம். அதை அவ்வளவு நம்ப முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பியர் லொம்பார்ட் அச்சிடுவதற்காகச் செதுக்கிய ஓர் உலோகத் தகட்டில் உடலும் குதிரையும் அப்படியே இருக்க, தலை மட்டும் ஆட்சியாளர் கிராம்வெல், மன்னர் முதலாம் சார்லஸ் என்று மாறியது! அதனால் படத்தின் அடியிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: ஓரத்து எழுத்துகளைப் படியுங்கள்

பெரும்பாலும் இடப்பக்கம் 'பின்க்ஸிட்' என்ற லத்தீன் சொல்லோடு இருப்பது ஓவியரின் பெயர். வலப்பக்கம் 'ஸ்கல்ப்ஸிட்' என்று இருந்தால் தகட்டில் செதுக்கியவர். 'எக்ஸ்கூடிட்' என்றால் வெளியிட்டவர். இங்கிலாந்தில் 1735இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, வெளியான தேதியும் பல படங்களில் இருக்கும். அதை ஓவியம் தீட்டிய ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெவன்ஷயர் டச்சஸை (டியூக் என்ற பிரபுவின் மனைவி) ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்தது 1775-76இல்; அதைப் பார்த்து வாலண்டைன் கிரீன் செய்த அச்சு வெளிவந்தது 1780இல்.

படி 2: பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பெண்ணைத் தேடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். 'டெவன்ஷயர் டச்சஸ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது கணவர் வழியாக வந்த பட்டம், தலைமுறைதோறும் கைமாறும். ஐந்தாம் டியூக் 1774இல் ஜார்ஜியானா ஸ்பென்சரை மணந்தார். ஜார்ஜியானா 1806இல் இறந்தபின், டியூக் 1809இல் ஜார்ஜியானாவின் தோழி எலிசபெத் ஃபாஸ்டரை மணந்தார். ரெனால்ட்ஸ் இருவரையுமே வரைந்திருக்கிறார்! 1780 என்ற தேதிதான் கிரீனின் அச்சில் இருப்பவர் ஜார்ஜியானா என்று உறுதிசெய்கிறது. ஆகவே அந்தப் பட்டத்தை வகித்த பெண்கள் எல்லோரையும் ஆண்டுகளோடு எழுதி, படத்தின் தேதியோடு ஒப்பிடுங்கள். பட்டத்துக்குள் மறைந்துபோன ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு இந்த வேலையில் ஆகப் பிடித்தது இதுவே.

படி 3: தலைமுடியைப் பாருங்கள்

உடை ஏமாற்றும். ரெனால்ட்ஸ் பல சீமாட்டிகளுக்கு அன்றைய நாகரிக உடையை விட்டுவிட்டுப் பழங்காலச் சாயலில் ஆடை வரைந்தார். கூந்தல் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை. உயர்த்திக் கட்டிய கொண்டையில் நெருப்புக்கோழி இறகு என்றால் 1770கள். காதோரம் தொங்கும் சுருள்களும் கழுத்தை ஒட்டிய முத்துமாலையும் என்றால் ஓவியர் வான் டைக் வரைந்த 1630கள்.

படி 4: லென்ஸில் பாருங்கள்

வரிசையான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர நகல். நடுவில் பருத்து முனையில் மெலியும் கோடுகள் கையால் செதுக்கியவை. கோடே இல்லாமல் வெல்வெட் போன்ற கருமையிலிருந்து வெளிச்சம் எழுந்தால் மெஸோடிண்ட். கிரீன் செய்தது அந்த வகை.

படி 5: ஒப்பிடுங்கள்

பிரிட்டிஷ் மியூசியம், லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரி இணையதளங்களில் ஓவியர், செதுக்கியவர், பட்டம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். மூல ஓவியத்துக்கு இடவலம் மாறியிருந்தால் கவலை வேண்டாம். தகட்டில் செதுக்கியது அச்சில் இடவலம் மாறித்தான் விழும்.

எல்லாம் செய்தும் பெயர் உறுதியாகவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். அந்த கேலரியே ஓர் ஓவியத்துக்கு, 'அடையாளம் தெரியாத பெண், முன்பு கேத்தரின் ஹோவர்ட் என்று அறியப்பட்டவர்' என்றுதான் தலைப்பு வைத்திருக்கிறது.