ஓதம் ஏறிய பழைய சுதை நினைவுச்சின்னம்: கை வைப்பதற்கு முன்

கட்டடச் சுவரோடு சேர்ந்த, வண்ணம் தீட்டிய பழைய கல்லறைச் சுதையில் (காரையால் செய்த சிற்பத்தில்) பொருக்கு எழுந்ததும் பசையையும் வார்னிஷையும் தேடத் தோன்றும். வேண்டாம். முதலில் தண்ணீரைத் தேடுங்கள்.

படி 1: படம் எடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தும் ஒரு படம் வேண்டும். காரை உப்பியிருப்பது அதில்தான் தெரியும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஜிப்சம் காரை நீரில் கரையும். உதிர்ந்த துண்டுகளை உறையில் போட்டு, எங்கே கிடந்தன என்று எழுதி வையுங்கள்.

படி 2: ஈரத்தின் வழியைப் பாருங்கள். கறை தரையிலிருந்து ஏறுகிறதா, மேலிருந்து வழிகிறதா? நல்ல மழையில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். அடைத்த மழைநீர்க் குழாய் தானே காட்டிக்கொடுக்கும். பக்கத்து வெற்றுச் சுவரில் (சுதைமேல் அல்ல!) அலுமினியத் தாளை ஓரம் மூடி ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்து இருந்தால் அது காற்றின் ஈரம். உள்பக்கம் இருந்தால் சுவரின் ஈரம். ஈரமானியை ரொம்ப நம்ப வேண்டாம், உப்பேறிய சுவரில் அது கூட்டிச் சொல்லும்.

படி 3: நீர் வரவை நிறுத்துங்கள். குழாயைச் சரிசெய்வது, சுவரோரம் மேடிட்ட மண்ணை இறக்குவது. மயானம் என்பதால் தோண்ட அனுமதி கேட்டாக வேண்டும். சுவரில் யாரோ பூசிய சிமெண்ட்தான் பல இடங்களில் வில்லன்: ஈரம் அதன் வழியே வெளியேற முடியாமல் சுதைப் பக்கம் திரும்பும். அதை நீங்களே கொத்தாதீர்கள்; அதிர்வில் வண்ணம் கொட்டிவிடும்.

படி 4: மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஹீட்டர் வைப்பதுதான் பெரிய தவறு. சுவரில் ஏறியிருக்கும் உப்புதான் காரணம். சாதாரண உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் கரையும், கீழே இறங்கினால் படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் வண்ணத்துக்கு அடியிலிருந்து நெம்பும். சூடேற்றி அணைத்து, மறுபடி ஏற்றினால் இந்த ஆட்டம் ஓயாது. தடித்த சுவர் காய மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். காற்றின் ஈரப்பதத்தைத் தினமும் குறித்து வாருங்கள்.

படி 5: மீதி, பழஞ்சின்னங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் வல்லுநரின் வேலை. செதிலை ஒட்டுவது, உப்பை உறிஞ்சி எடுப்பது, உள்ளே துருப்பிடித்துப் பருத்து விரிசல் விடவைக்கும் இரும்புப் பட்டைகளை மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வரும்போது அந்தப் படங்களையும், ஈரப்பதக் குறிப்பையும், உதிர்ந்த துண்டுகள் உள்ள உறைகளையும் கையில் கொடுங்கள்.