தண்ணீர் மட்டும் காப்பாற்றாது: வெப்பத்தில் நீண்ட தூரம் ஓடுவதற்கான தயாரிப்பு

வெப்பத்தில் ஓடப்போகிறவருக்கு எல்லோரும் சொல்லும் ஒரே அறிவுரை, "நிறையத் தண்ணீர் குடி" என்பதுதான். பாதி சரி, பாதி ஆபத்து. போதுமான தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடியவர்களும் வெப்பத்தாக்கில், அதாவது உடல் அளவு மீறிச் சூடாகி மனம் குழம்பும் நிலையில், விழுந்திருக்கிறார்கள். அளவு மீறிக் குடித்ததாலேயே மயங்கி விழுந்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். உளறுவார்கள், தள்ளாடுவார்கள், வாந்தி எடுப்பார்கள். ஒருவருக்குத் தேவை ஐஸ் தண்ணீர்த் தொட்டி. இன்னொருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது

வெயிலைக் குறை சொல்வதற்கு முன் உடலுக்குள் எரியும் அடுப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கடக்க ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. இதில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது 450 கிலோகலோரியாவது, வெறும் வெப்பமாகவே உடலில் சேர்கிறது. அவர் உடலை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க சுமார் 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும்.

அந்த வழியைத் திறந்து வைப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை தோலிலிருந்து சொட்டித் தரையில் விழும். சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது, உடலில் இருக்கும் நீர்தான் வீணாகும்.

வேகத்தைக் கூட்டினால் அடுப்பும் கூடும். அதனால்தான் கடும் வெப்பத்தாக்கு முழு மாரத்தானைவிட வேகமாக ஓடப்படும் 10 முதல் 21 கிலோமீட்டர் ஓட்டங்களில் அதிகம் தலைகாட்டுகிறது. "குறைந்த தூரம்தானே" என்று நினைத்து முழு மூச்சில் ஓடுகிறவர்தான் கவனிக்கப்பட வேண்டியவர்.

வானிலையைப் படிப்பது

நிழலில் வைத்த வெப்பமானி சொல்லும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. போட்டி மருத்துவர்கள் பார்ப்பது வெட் பல்ப் குளோப் வெப்பநிலை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் 20 சதவீதம், சாதாரண வெப்பமானியின் அளவில் 10 சதவீதம், மூன்றையும் கூட்டினால் இந்த எண் கிடைக்கும்.

இரண்டு நாட்களை ஒப்பிடலாம். வறண்ட நாள்: சாதாரண அளவு 36, ஈர அளவு 20, உருண்டை 48. கணக்கிட்டால் 27.2. புழுக்கமான நாள்: சாதாரண அளவு 32, ஈர அளவு 26, உருண்டை 42. கணக்கிட்டால் 29.8. செய்தியில் 32 டிகிரி என்று சொல்லப்பட்ட நாள்தான் 36 டிகிரி நாளைவிட ஆபத்தானது. இந்த எண் 28-ஐத் தாண்டினால் நீண்ட தூரப் போட்டியை நடத்த வேண்டாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டல். தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கும் அதே எல்லை பொருந்தும். அன்று மெதுவாகக் குறைந்த தூரம் ஓடலாம், வேகப் பயிற்சியை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

இரண்டு வாரம் உடலைப் பழக்குவது

எல்லாத் தயாரிப்பிலும் அதிகப் பலன் தருவது இதுதான், பலர் தவிர்ப்பதும் இதைத்தான். தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் ஓடினால் உடல் மாறுகிறது. முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்தில் இதயத் துடிப்பு குறையும். இரண்டாவது வாரத்தில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும்.

முதல் இரண்டு நாட்கள் 20 முதல் 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் கூட்டி, பத்தாம் நாளில் 60 முதல் 70 நிமிடத்துக்கு வரலாம். வேகத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள், இதயத் துடிப்பை வைத்து ஓடுங்கள். குளிர்ந்த நாளில் 140 துடிப்பில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடினவர், முதல் வாரத்தில் அதே 140-இல் 6 நிமிடம் 40 நொடிக்குப் போனால் அது இயல்பு. அந்த 40 நொடியைப் பிடிவாதமாகத் துரத்துவதுதான் தவறு. வேகப் பயிற்சி இரண்டாவது வாரத்தில்தான், அதுவும் அளவோடு.

ஓரிரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை. மூன்று, நான்கு வாரம் வெப்பத்தை விட்டு விலகியிருந்தால் பெற்றதில் பெரும்பகுதி போய்விடும்.

குளிர்ப்பகுதியில் பயிற்சி செய்து, வெப்பமான இடத்தில் போட்டிக்குப் போகிறவருக்கு ஒரு வழி உண்டு. ஓட்டம் முடிந்ததும் 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு அமர்வது, ஆறு நாள் தொடர்ச்சியாக. 15 அல்லது 20 நிமிடத்தில் தொடங்கி அதிகபட்சம் 40 நிமிடம். தலைசுற்றினால் உடனே, ஆனால் மெதுவாக, எழுந்து வெளியே வர வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது இதைச் செய்யக் கூடாது.

எவ்வளவு குடிப்பது: எடைக் கருவியைக் கேளுங்கள்

போட்டி நாளைப் போன்ற வானிலையில், போட்டி வேகத்தில் ஒரு மணி நேர ஓட்டம் வையுங்கள். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். தண்ணீர்ப் புட்டியையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் தலைமுடி உட்பட நன்றாகத் துடைத்து, மறுபடியும் உடையில்லாமல் எடை. உடையோடு நின்றால் துணி குடித்திருக்கும் வியர்வையும் சேர்ந்து நிறுக்கும், கணக்கு குறைத்துக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முன்பு 68.4 கிலோ, பின்பு 67.3 கிலோ. குறைவு 1.1 கிலோ. புட்டி முன்பு 742 கிராம், பின்பு 342 கிராம். குடித்தது 400 மில்லிலிட்டர். இரண்டையும் கூட்டினால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை. நடுவில் சிறுநீர் போயிருந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். பொதுவாக ஒரு மணி நேர வியர்வை அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும்.

கிடைத்த எண்ணை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உச்சவரம்பு. அதைத் தாண்டி ஒருபோதும் குடிக்கக் கூடாது. இழந்ததை முழுவதும் ஓடும்போதே நிரப்ப வேண்டிய அவசியமும் இல்லை. எடையில் 2 சதவீதம்வரை குறைவதைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். மணிக்கு 400 முதல் 800 மில்லிலிட்டர் என்பது பலருக்கும் பொருந்தும் வீச்சு. மெல்லிய உடலோடு மெதுவாக ஓடுகிறவருக்குக் கீழ் எல்லை அல்லது அதற்கும் குறைவு.

மெதுவாக ஓடுகிறவரை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? மணிக்கு அரை லிட்டர் வியர்க்கிற ஒருவர் ஐந்து மணி நேர மாரத்தானில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று மணிக்கு ஒரு லிட்டர் குடித்தால், இரண்டரை லிட்டர் உபரி. சாதாரண நாளில் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். கடும் உழைப்பின்போது நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருப்பதால் வெளியேற்றம் தடைபடும். இரத்தம் நீர்த்துப்போய், அதில் உள்ள உப்புச்சத்தான சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் (இரத்தப் பரிசோதனையில் சோடியத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும், மூளை வீங்கத் தொடங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இந்த அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் அதோடு நெருங்கிய தொடர்புள்ளவையாகத் தெரிந்தன.

விளையாட்டு பானம் குடித்தால் இது வராது என்ற நம்பிக்கையும் தவறு. பெரும்பாலான பானங்களில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவில்தான் இருக்கும், இரத்தத்தில் இருப்பதோ 140. அளவு மீறினால் அதுவும் இரத்தத்தை நீர்க்கவே செய்யும்.

அன்று காலை

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, இவற்றில் ஏதாவது போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் இருந்திருந்தால் ஓடக் கூடாது. எவ்வளவு மாதம் பயிற்சி செய்திருந்தாலும் சரி. ஐபுப்ரொஃபென் வகை வலி மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்பும் ஓட்டத்தின்போதும் போடாதீர்கள். சிறுநீரகத்துக்கும் கேடு, சோடியம் இறங்கவும் துணைபோகும். ஒவ்வாமை மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கான நீர்மாத்திரை எடுப்பவர்கள் வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

போட்டியில் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறம் பெயர், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை, அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றோடு அன்று காலை எடையையும் எழுதுங்கள். மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவரின் எடை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவருக்கு அந்த ஒரு எண் பெரிய உதவி.

யாராவது விழுந்தால்

முதலில் மூச்சு. மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது, அசைவும் இல்லை என்றால் அது இதயம் நின்ற நிலை. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, இதய அதிர்வுக் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றதும் கால் மடங்கி விழுகிறவர், தெளிவாகப் பேசினால், பெரும்பாலும் ஆபத்தில்லை. ஓடும்போது இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைத்தசை திடீரென நின்றுவிட்டதால் இரத்தம் காலில் தேங்கியிருக்கும். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாவார். வழியிலேயே விழுகிறவரை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பத்தாக்கின் முதல் அடையாளம் மனநிலை. காரணமில்லாமல் எரிந்து விழுவார், வளைந்து வளைந்து ஓடுவார், எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டால் தொடர்பில்லாத பதில் வரும். தோல் வறண்டிருக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கும். நெற்றி, காது, அக்குள் வெப்பமானிகள் இங்கே பொய் சொல்லும், ஆசனவாய் வெப்பநிலை ஒன்றுதான் நம்பத்தக்கது. அது 40 டிகிரியைத் தாண்டி, மனக்குழப்பமும் இருந்தால் வெப்பத்தாக்கு. அளக்க வழியில்லாமல், வெப்பத்தில் கடுமையாக ஓடியவர் உளறினால், வெப்பத்தாக்கு என்றே கருதிக் குளிர்வியுங்கள்.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அங்கேயே குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிப்போவது. விழுந்த அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படி ஐஸ் தண்ணீரில் வைக்கப்பட்ட 274 வெப்பத்தாக்கு நோயாளிகளும் பிழைத்தார்கள். அந்த ஓட்டத்தின் தூரம் 11.3 கிலோமீட்டர்தான்.

தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர், மேலே எப்போதும் ஐஸ் மிதக்க வேண்டும். ஒரு போர்வையை நீளவாக்கில் மடித்து நெஞ்சுக்குக் குறுக்கே, இரு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, தலைமாட்டில் நிற்பவர் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஆள் திமிறினாலும் முகம் தண்ணீருக்குள் போகாது. மற்றவர்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். கலக்காவிட்டால் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் உருவாகிக் குளிர்ச்சியைத் தடுத்துவிடும். தலையில் ஐஸில் நனைத்த துண்டு. அவர் கத்துவார், நடுங்குவார், எடுத்துவிடச் சொல்வார். அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வெப்பநிலை 38.9-க்கு இறங்கியதும் வெளியே எடுக்கலாம். அளக்க முடியாத இடத்தில் 10 முதல் 15 நிமிடம்.

தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் ஊற்றி ஆட்டலாம். அதுவும் இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளைத் தலை, உடல், கை, கால் முழுவதும் போர்த்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

ஆசனவாய் வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆனாலும் குழப்பம் இருக்கிறது என்றால் சோடியத்தைச் சந்தேகியுங்கள், சர்க்கரையையும் சோதியுங்கள். விரல்கள் உப்பி மோதிரம் இறுகியிருக்கும், கடிகாரப் பட்டை தோலில் பதிந்திருக்கும், வயிறு ஊதியிருக்கும், தலைவலியும் குமட்டலும் இருக்கும். இவருக்குத் தண்ணீரும் கூடாது, சோடியத்தைச் சோதிக்காமல் வழக்கமான டிரிப்பும் கூடாது. விழுங்கும் தெளிவு இருந்தால் உப்புத் தூக்கலான சூப் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வலிப்போ கடும் குழப்பமோ வந்தால் மருத்துவர் 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லிலிட்டர் இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டியிருக்கும். "எவ்வளவு குடித்தார்" என்று கூட வந்தவரிடம் கேட்டு மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

திரும்ப ஓடுவது

வெப்பத்தாக்கிலிருந்து எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கல்லீரல், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். வெளியே வந்த பிறகு குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். பரிசோதனைகள் இயல்புக்கு வந்து, மருத்துவர் சம்மதித்த பிறகு குளிர்ந்த சூழலில் மெதுவான நடையும் ஓட்டமும். அது பிரச்சினையின்றி நடந்தால், முதல் நாள் 20 நிமிடத்திலிருந்து அந்த இரண்டு வாரப் பழக்கத்தை மறுபடியும் தொடங்கலாம்.