முயலுக்கும் நரிக்கும்: எந்தத் தோட்டா, எங்கே குறி, எவ்வளவு நேரம் காத்திருப்பது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் துப்பாக்கி உரிமம் வாங்கி, பண்ணைக்காரரிடம் அனுமதியும் வாங்கிவிட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை மீட்டரில் உங்களால் ஒரு எலுமிச்சம்பழத்தை ஐந்துக்கு ஐந்து அடிக்க முடியும்? முயலின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நமக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான். அது 40 மீட்டர் என்றால் உங்கள் எல்லை 40 மீட்டர், துப்பாக்கி என்ன விலையாக இருந்தாலும் சரி.

முயலுக்கு .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்கிற சின்னத் தோட்டா போதும். நான் போடுவது 40 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 2.6 கிராம்) சப்சானிக். ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் சத்தம் குறைவு, மற்ற முயல்கள் அவ்வளவாக மிரளாது. ஆனால் 50 மீட்டருக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்து வைத்தால் 100 மீட்டரில் அந்தக் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கிவிடும். ரொம்பக் கிட்டத்திலும் கீழேதான் படும், ஏனென்றால் ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் நாலு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் 10 மீட்டரில் மூளைக்குக் குறி வைத்தால் அதற்குக் கீழே போய்ப் படும். 10, 25, 50, 75 என்று அட்டையில் சுட்டுப் பார்த்து, எவ்வளவு ஏற்றிப் பிடிக்க வேண்டும் என்பதை எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவையுங்கள்.

என் இரண்டாம் வருடம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் 90 மீட்டரில் ஒரு முயலைச் சுட்டேன். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் மேய்ந்துகொண்டே கிட்ட வந்திருக்கும். பின்னங்காலை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. தோள் வரை கையை விட்டுத் துழாவினேன், கையில் வந்தது கொஞ்சம் ரோமமும் மண்ணும் ரத்தமும்தான். 1859இல் தாமஸ் ஆஸ்டின் வின்செல்சி பக்கம் வேட்டைக்கென்று விட்ட முயல்கள் பெருகி இந்த நிலத்தைப் பாழாக்கியது உண்மை, அவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு உயிர் இருட்டில் இரவு முழுக்கத் துடிக்கலாம் என்று ஆகாது.

அதனால் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய், காற்று உங்கள் முகத்தில் படுகிற பக்கமாக வளைகளுக்கு 40 மீட்டரில் படுத்துவிடுங்கள். முதலில் வெளியே வரும் முயல் காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். அதை விட்டுவிடுங்கள். அப்புறம் நாலைந்து வந்து, தலை குனிந்து மேய ஆரம்பித்த பிறகு, பக்கவாட்டில் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். ஈயக் குண்டு கல்லிலும் தண்ணீரிலும் பட்டால் தெறித்து எங்கோ போகும்.

நரிக்கு .22 எல்.ஆர். வேண்டாம் என்பது என் கருத்து. .17 எச்.எம்.ஆர். 100 மீட்டர் வரை நேர்கோடுபோல் போகும், ஆனால் குண்டு 17 கிரெய்ன்தான், பக்கக் காற்று அடித்தால் நகர்ந்துவிடும். .22 ஹார்னெட் நல்லது, 200 மீட்டர் தேவைப்படும் வெட்டவெளி என்றால் .223. இந்த இரண்டும் சென்டர்ஃபயர், அதாவது ஊசி தோட்டாவின் அடியில் நடுவே அடித்து வெடிக்கவைக்கிற வகை, உரிமத்தில் பி வகை இருக்க வேண்டும். நரி தலையை ஒரு நொடி அசைக்காமல் வைத்திருக்காது, அதனால் நெஞ்சுதான் குறி: பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நேரே பார்த்து நின்றால் நெஞ்சின் நடுவில். முதுகைக் காட்டிப் போகிற நரியைச் சுடாதீர்கள்.

கூப்பிட டென்டர்ஃபீல்ட் விசில் போதும். ஓட்டை போட்டு மடித்த தகரம், வாயில் வைத்து ஊதினால் அடிபட்ட முயல் கத்துகிற சத்தம் வரும். அரை நிமிடம் ஊதி, மூன்று நிமிடம் சும்மா இருங்கள். நரி நேராக வராது, வாசனை பிடிக்கக் காற்று போகிற பக்கம் சுற்றிக்கொண்டு வரும், ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். ஓடி வருவது நிற்கவில்லையென்றால் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுங்கள், பெரும்பாலும் ஒரு கணம் நின்று பார்க்கும். அந்தக் கணத்துக்கு முன்பே துப்பாக்கி தோளில் இருக்க வேண்டும்.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு பின்பக்கமாகப் போய் ஒரு நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசைந்தால் உடனே இன்னொரு குண்டு.