பினாங்கில் கடைவீதி சுற்றப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் இருக்கிற பினாங்குத் தீவுக்குப் போகிற எங்கள் சென்னை வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் நாள் ஒரு கர்ச்சீப்கூட வாங்காதீர்கள். அன்றைக்குச் சும்மா நடங்கள். விலை கேளுங்கள், துணியைத் தொட்டுப் பாருங்கள், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். எந்தத் தெருவில் என்ன சரக்கு, எது அந்தத் தீவிலேயே விளைந்தது, எது நம் ஊரிலிருந்து போய் இறங்கியது என்பது பிடிபட்ட பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சுடிதார் மெட்டீரியலும் நைட்டித் துணியும் விற்கிற கடை என்னுடையது. என் நாத்தனார் வாக்கப்பட்டது தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில். அங்கே படகு ஏறினால் கால் மணி நேரம்போல ஆகும், தீவின் பெரிய ஊரான ஜார்ஜ் டவுன் கரை வந்துவிடும். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குப் பாதிப் பொழுது கடைவீதிகளில்தான் போகும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பழகிய கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

கிளம்பும் முன் இரண்டே விஷயம். இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா 2023 டிசம்பரிலிருந்து அனுமதித்தது. பிறகு அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்தார்கள். ஆனால் போய் இறங்குவதற்கு 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அப்புறம் பணம். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் கையில் கொண்டுபோகலாம். மலேசியப் பணமான ரிங்கிட் ஒன்று 20 ரூபாய்க்கு மேலே என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டு, மாற்றும் அன்றைக்கு உள்ள விலையைப் பாருங்கள். விமான நிலையத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் மாற்றுவது நல்லது.

ஊருக்குள் என்றால் லிட்டில் இந்தியா. பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், குயீன் ஸ்ட்ரீட் எல்லாம் சேர்ந்த பகுதி அது. குயீன் ஸ்ட்ரீட்டில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. மல்லிகைச் சரம், ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு, வாழை இலைச் சாப்பாடு என்று ஆசையாக இருக்கும். ஆசையில் புடவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அங்கே தொங்குகிற புடவையும் சுடிதாரும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவை. சரக்குக் கூலி, அந்த ஊர் கடை வாடகை எல்லாம் அந்த விலையில் ஏறியிருக்கும். அதே ரகம் நம் ஜி.ஏ. ரோட்டில் கிடைக்கும். கட்டம் போட்ட கைலியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி அந்தப் பக்கம் போன துணி அது. இன்றைக்கும் நம் பக்கத்துத் தறிகளிலிருந்து போகிறது. நன்றாக இருக்கிறதே என்று எடுத்தால், மடிப்பைப் பிரித்து லேபிளில் எங்கே தயாரானது என்று ஒரு தரம் பாருங்கள்.

லிட்டில் இந்தியாவில் செய்ய வேண்டிய வேலை வேறு. லைசென்ஸ் பலகை மாட்டிய பணம் மாற்றும் கடைகள் அங்கே நிறைய. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு மாற்றலாம். சாப்பிடலாம். முக்கியமாக, கடைக்காரர்களிடம் தமிழிலேயே விசாரிக்கலாம். "அண்ணே, நல்ல பாத்திக் எங்கே எடுக்கலாம், என்ன விலை கொடுக்கலாம்?" என்று மரியாதையாகக் கேட்டால், தங்களிடம் இல்லாத சரக்குக்குக்கூட வழி சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அப்படி வழி சொன்னவர்கள் பலர்.

இனி பாத்திக், அதாவது மெழுகால் கோலம் வரைந்து சாயம் ஏற்றுகிற துணி. பினாங்கிலிருந்து ஒரே ஒரு துணிதான் எடுப்பேன் என்றால் அதை எடுங்கள். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் பாத்திக் என்று தொங்குவதில் பாதிக்கு மேல் மிஷின் பிரிண்ட். அதனால் கடைக்குப் போவதற்கு முன் அது எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடச் சொல்வேன். படகுத்துறையில் கிளம்பி, கொம்தார் கட்டடம் வழியாகப் போகிற 101ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பத்து ஃபெரிங்கி கடற்கரையைத் தாண்டித் தெலுக் பஹாங் வரை போங்கள். பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள், சில்லறை சரியாக வைத்திருங்கள். அங்கே பாத்திக் பட்டறைகள் இருக்கின்றன, வேலையை நின்று பார்க்கலாம்.

வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சின்ன மூக்கு வைத்த செம்புக் கருவியில் உருக்கிய மெழுகை மொண்டு, கோலம் இழுப்பதுபோல ஒரே இழுப்பில் பூவும் இலையும் வரைவார்கள். மெழுகுக் கோட்டுக்குள் பிரஷ்ஷால் சாயம் வைத்தால் அது கோட்டைத் தாண்டாமல் நின்று, உள்ளே மட்டும் பரவும். சாயம் பிடித்த பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால், மெழுகு இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். இன்னொரு வகையில் செம்பு அச்சை மெழுகில் தோய்த்து வரிசையாகக் குத்திக்கொண்டே போவார்கள். கையால் வரைந்ததற்கு விலை அதிகம், அச்சுக் குத்தியது அதற்கு அடுத்தது, மிஷின் பிரிண்ட் கடைசி. பட்டில் கையால் வரைந்தது எல்லாவற்றுக்கும் மேலே.

இதைப் பார்த்த பிறகு கடையில் சோதிப்பது சுலபம். முதலில் துணியைத் திருப்புங்கள். மெழுகு போட்டுச் சாயம் ஏற்றியது என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிறம் இருக்கும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளிறிப்போய் இருக்கும். அடுத்து ஒரு பூவையும் அதே மாதிரி இன்னொரு பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் போட்டதில் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. அச்சுக் குத்தியதில், ஒரு அச்சு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மயிரிழை இடைவெளியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியதோ தெரியும். எங்கேயும் பிசிறே இல்லாமல் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மாதிரி ஓடினால் அது மிஷின். அப்புறம் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். கடையின் மஞ்சள் லைட்டில் எந்தச் சாயமும் அழகாகத்தான் தெரியும், நானும் துணி விற்கிறவள்தான். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமான வெள்ளைக் கர்ச்சீப்பால் ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அளவு கேட்காமல் எடுக்காதீர்கள். மலாய்ப் பெண்கள் தைத்துக்கொள்கிற உடுப்புக்காக 4 மீட்டர் துண்டாக விற்பது அங்கே வழக்கம். நம் கணக்குக்கு ஒரு டாப்பும் பேன்ட்டும் தைத்து மீதி வரும். சட்டைக்கு 2 மீட்டர் துண்டு கிடைக்கும். காட்டனா ரேயானா என்று கேளுங்கள். கடற்கரைக் கடைகளில் கிடைக்கிற மலிவுத் துண்டுகள் பெரும்பாலும் ரேயான். தொட்டால் குளுகுளுவென்று வழியும். நம் வெயிலுக்குக் காட்டன்தான் தாங்கும். முதல் துவைப்பில் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு, நிழலில் உலர்த்தல். வாஷிங் மெஷினில் போடவே கூடாது.

தெலுக் பஹாங்கிலிருந்து திரும்பும் வழியில் பத்து ஃபெரிங்கியில் இறங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கிற கடற்கரை அது. இருட்டத் தொடங்கும்போது ரோட்டோரம் முழுக்கத் தள்ளுகடைகள் முளைத்துவிடும், ராத்திரி 11 மணிவாக்கில் கட்டத் தொடங்குவார்கள். டி ஷர்ட், பீச் உடுப்பு, பாத்திக் துண்டு, விளக்கு, கைப்பை, வாட்ச் எல்லாம் கிடைக்கும். பெரிய கம்பெனி பெயர் போட்ட பைகளும் வாட்ச்களும் டூப்ளிகேட். அவற்றை வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஜிப் ஆறு மாதம் தாங்காது, கஸ்டம்ஸில் கேட்டால் பதிலும் இருக்காது.

பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். மலாய்க்காரக் கடை என்றால் பெண்களைக் காக் என்றும் ஆண்களைப் பாங் என்றும் கூப்பிடுங்கள், அக்கா அண்ணன் முறைதான். சீனப் பெரியவர்களுக்கு அங்கிள், ஆன்ட்டி போதும். "பெராபா?" என்றால் எவ்வளவு. "போலே குராங்?" என்றால் குறைக்க முடியுமா. சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கி, மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் முடித்தால் இரண்டு பேருக்கும் நியாயம். ஒன்றுக்குப் பேசுவதைவிட "மூணு எடுத்தா என்ன விலை?" என்று கேட்டால் சீக்கிரம் இறங்கும். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சரி என்று சொல்லிவிட்டால் வாங்கிவிடுங்கள். படிந்த பிறகு கைவிட்டுப் போகிற வாடிக்கையாளரால் கடையில் நிற்கிறவருக்கு வருகிற வருத்தம் எனக்குத் தெரியும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் விலையே சொல்லாதீர்கள்.

பினாங்கு ரோட்டில் இருக்கிற சௌரஸ்தா மார்க்கெட்டுக்குக் காலையில் போங்கள். தீவுக்கே பெயர் வாங்கிக் கொடுத்த ஜாதிக்காய் அங்கே கிடைக்கும். நாம் கொட்டையை மட்டும் மருந்துக்கும் பிரியாணிக்கும் உரசுகிறோம். அவர்கள் மேலே இருக்கிற சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்பண்டமாக்கிவிடுகிறார்கள். தட்டுத் தட்டாக மாங்காய், பப்பாளி எல்லாம் ஊறவைத்துக் குவித்திருப்பார்கள். கேட்டால் ருசி பார்க்க ஒரு துண்டு தருவார்கள், எடைபோட்டு விற்பார்கள். ஜாதிக்காயில் ஈரமாகப் பாகில் ஊறியது, காய்ந்த துண்டு, துருவியது என்று வகை உண்டு. முதல் கடிக்குக் காரமாக நாக்கில் ஏறும், பிறகு இனிப்பும் புளிப்பும் வரும். ஊருக்குக் கொண்டுவர காய்ந்ததுதான் வசதி. ஜாதிக்காய்த் தைலமும் கிடைக்கும், முட்டி வலிக்கு என் மாமியார் அதைத்தான் கேட்டு வாங்கிவரச் சொல்வார். தைலத்தைப் பெரிய பெட்டியில் வையுங்கள், 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் விடமாட்டார்கள். கன்று, விதை எதையும் ஆசைப்பட்டு எடுத்துவராதீர்கள். படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மாடிக்கு ஏறினால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. வெயில் ஏறினால் பக்கத்துச் சந்தில் செண்டோல் குடிக்கலாம், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும் சேர்த்தது அது.

ஆர்மேனியன் ஸ்ட்ரீட் படம் எடுக்கிறவர்களின் தெரு. 2012இல் எர்னெஸ்ட் ஸகாரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் அங்கேதான். காலையிலேயே போனால் வரிசையில் நிற்க வேண்டாம். காந்தம், சாவிக்கொத்து எல்லாம் அந்தத் தெருவில் விலை ஜாஸ்தி, வேறிடத்தில் வாங்கலாம். ஆனால் மணி கோத்த செருப்பைப் பாருங்கள். அந்தக் காலத்திலேயே வந்து குடியேறி மலாய்ப் பழக்கங்களோடு கலந்துபோன பெரனாக்கன் சீனப் பெண்களின் கைவேலை அது. மணி எவ்வளவு பொடியோ அவ்வளவு விலை, சில நூறு ரிங்கிட் வரை போகும். ஆரி வேலை போடுகிறவர்களுக்கு அந்த உழைப்பு பார்த்தவுடன் புரியும். அதில் பேரம் பேச எனக்கு மனசு வராது.

மால்கள் வேண்டுமென்றால் கர்னி பக்கம் இருக்கின்றன. ஏசியில் உட்காரலாம், வேறு விசேஷம் இல்லை.

நேரம் முக்கியம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டுக்குச் சீனர் கடைகள் பல நாள் திறக்காது. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை, அன்று ரதம் பார்க்கப் போங்கள், கடைக்குப் போகாதீர்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம். வெயிலோ மழையோ, பழைய கடைகளின் முன்னால் மேலே மூடிய நடைபாதை இருக்கும், அதிலேயே ஒட்டி நடக்கலாம். பிளாஸ்டிக் பைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், வீட்டிலிருந்து இரண்டு மஞ்சப்பை மடித்து எடுத்துப்போங்கள்.

பாசிப்பருப்புப் பூரணம் வைத்த உருண்டை பிஸ்கட்டைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தௌ சார் பியா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் என்ன எண்ணெய், பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும், கடைக்குக் கடை மாறும். டப்பாவில் தேதியையும் பாருங்கள், ரொம்ப நாள் தாங்காது. அதைக் கையிலேயே எடுத்து வாருங்கள். பெட்டிக்குள் போட்டால் வண்ணாரப்பேட்டை வந்து திறக்கும்போது மேல்தோல் பொடிப்பொடியாகக் கிடக்கும்.