சதுர அலைக்குள் எத்தனை சைன் அலை? ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபூரியர் தொடர் கற்றுக்கொள்வது எப்படி

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும் எங்கள் வீட்டு ஃபேன் உறும ஆரம்பித்துவிடும். கரண்ட் வந்த அடுத்த நொடி அடங்கிவிடும். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "இது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சார், ஃபேன் அப்படித்தான் கத்தும்" என்றார். அலையின் வடிவம் மாறினால் ஃபேன் ஏன் கத்த வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை ஃபூரியர் தொடர் பக்கம் மறுபடி இழுத்தது. கல்லூரியில் சூத்திரமாக மனப்பாடம் செய்து தேர்வெழுதியது உண்டு. புரிந்தது இந்த ஃபேனுக்குப் பிறகுதான்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தொகையிடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சராசரி எடுக்கத் தெரிந்தால் போதும்.

என்ன செய்யப் போகிறோம்

ஈபி கரண்ட் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சைன் அலை. மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை: 10 மில்லி நொடி மேலே, 10 மில்லி நொடி கீழே, நடுவில் சரிவே கிடையாது. ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியர் சொன்னது. ஒரு உலோகத்தில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் 1807-இல் பாரிஸில் இதை முன்வைத்தார். அன்றைய பெரிய கணிதவியலாளரான லக்ராஞ்சு ஏற்கவில்லை. வளைந்து வளைந்து போகும் அலைகளைக் கூட்டி, செங்குத்தாக உடையும் ஒரு கோட்டை எப்படிக் கொண்டுவர முடியும் என்ற தயக்கம் அன்றைக்கு நியாயமானதுதான். ஃபூரியரின் ஆய்வு புத்தகமாக வெளிவர 1822 ஆனது.

கூட்டலில் வரும் அலைகள் கண்டபடி இருக்காது. மூல அலை 50 ஹெர்ட்ஸ் என்றால் மற்றவை 100, 150, 200 என்று அதன் மடங்குகள் மட்டும். இவற்றை ஹார்மோனிக் என்பார்கள். ஒவ்வொரு மடங்கும் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற அளவுதான் கெழு. அந்தக் கெழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

கருவி

ஸ்ப்ரெட்ஷீட் போதும். எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் பிடிக்கும், கூகுள் ஷீட்ஸும் சரிதான். செல்போனில் மட்டும் செய்யாதீர்கள், 360 வரிசையைச் சின்னத் திரையில் இழுத்துக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும். பைத்தான் தெரிந்தவர்கள் நேராக நம்பை (அதன் எண் கணக்கு நூலகம்) பக்கம் போகத் துடிப்பார்கள். முதல் முறை வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே ஒரே வரியில் விடை வந்துவிடும், அது எப்படி வந்தது என்பது கண்ணில் படாது. இங்கே 360 எண்களும் உங்கள் கண் முன்னால் நிற்கும்.

முதல் படி: அலையைத் தாளில் இறக்குவது

ஏ நெடுவரிசையில் 0 முதல் 359 வரை கோணங்கள். ஒரு முழுச் சுற்று, அதாவது 20 மில்லி நொடி, 360 பாகைக்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறோம். 360-ஐச் சேர்க்காதீர்கள். அது 0-வேதான், சேர்த்தால் ஒரே புள்ளியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

பி நெடுவரிசையில் அதே கோணம் ரேடியனில். ஸ்ப்ரெட்ஷீட்டின் சைன் ஃபங்ஷனுக்குப் பாகை தெரியாது. இதை மறந்தால் வரைபடம் முள்வேலி மாதிரி வரும்.

சி நெடுவரிசையில் அலையின் மதிப்பு. கோணம் 180-க்குக் கீழே இருந்தால் 1, இல்லையென்றால் −1. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, மூன்றாம் படியில் வருகிறேன். இப்போதைக்கு இப்படியே போடுங்கள்.

இரண்டாம் படி: பெருக்கு, சராசரி எடு

சதுர அலைக்குள் மூன்றாம் ஹார்மோனிக் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். என்ன செய்வது? சதுர அலையை, மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் சைன் அலையால் வரிசைக்கு வரிசை பெருக்குங்கள். 360 பெருக்கல்களுக்கும் சராசரி எடுங்கள். அதை 2-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் கெழு.

ஏன் பெருக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஊஞ்சலை நினைத்துக்கொண்டதும் விளங்கியது. ஊஞ்சல் போகும் திசையில், அதே தாளத்தில் தள்ளினால் ஒவ்வொரு தள்ளும் சேர்ந்துகொண்டே போகும். வேறு தாளத்தில் தள்ளினால் சில தள்ளுகள் உதவும், சில தடுக்கும், கடைசியில் ஒன்றும் தேறாது. பெருக்கிச் சராசரி எடுப்பதும் அப்படித்தான். இரண்டு அலையும் ஒரே தாளத்தில் ஓடினால், இரண்டும் நேராக இருக்கும் இடத்திலும் பெருக்கல் நேர். இரண்டும் எதிராக இருக்கும் இடத்திலும் நேர். எல்லாம் சேர்ந்துகொள்ளும். தாளம் வேறு என்றால் நேரும் எதிரும் ஒன்றையொன்று அழித்து, சராசரி 0 ஆகிவிடும்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். தனியாக ஒரு நெடுவரிசையில் சைன் அ, சைன் 3அ இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுங்கள் (அ என்பது கோணம்). 0 வரும். சைன் 3அ-வை அதனாலேயே பெருக்கிச் சராசரி எடுங்கள். 0.5 வரும். கெழு காண 2-ஆல் பெருக்கச் சொன்னது இந்த அரையைச் சரிக்கட்டத்தான். புத்தகத்தில் தொகையீட்டுக்கு முன்னால் நிற்கும் "1/பை" என்பதும் இதே காரணத்தால் வருவதுதான்: இரண்டு பை நீளத்துக்குச் சராசரி, அப்புறம் 2 மடங்கு.

சரி, தாளுக்கு வருவோம். எச்1 செல்லில் ஹார்மோனிக்கின் எண்ணைப் போடுங்கள். டி நெடுவரிசையில்: சி-யின் மதிப்பு × சைன்(எச்1 × பி). ஈ நெடுவரிசையில் அதேபோல் கொசைன். இரண்டுக்கும் கீழே சராசரியின் 2 மடங்கு. எச்1-ஐ 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே சைன் பக்கத்து விடைகளை எழுதி வையுங்கள்.

எனக்கு வந்தவை: 1.2732, 0, 0.4243, 0, 0.2545. இரட்டைப்படை எல்லாம் 0. மூன்றாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு. முறையாகத் தொகையிட்டால் 4/பை, 4/(3 பை), 4/(5 பை) என்று வரும், அதாவது 1.2732, 0.4244, 0.2546. நான்காம் தசமத்தில் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம் 360 புள்ளிகளை மட்டும் எடுத்ததால் வருவது. ஆக நம் சதுர அலை:

4/பை × (சைன் அ + ⅓ சைன் 3அ + ⅕ சைன் 5அ + …)

மூன்றாம் படி: கொசைன் பக்கம் வந்த 0.0111

நான் இரண்டு நாள் நின்ற இடம் இது. சதுர அலை, சைனைப் போலவே, 0-வுக்கு இருபுறமும் எதிரெதிராக இருக்கிறது. அதனால் கொசைன் கெழு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் ஈ நெடுவரிசையின் அடியில் எனக்கு 0.0111 வந்தது. புள்ளி போதாததால் வரும் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் ஹார்மோனிக்குக்கும் அதே 0.0111. ஐந்துக்கும் அதே. சைன் கெழுக்கள் குறைந்துகொண்டே போகின்றன, இது மட்டும் அசையவில்லை. தோராயத்தால் வரும் பிழை இப்படி அச்சடித்தாற்போல் வராது. சூத்திரங்களை மறுபடி தட்டினேன், தாளையே புதிதாகப் போட்டேன், மாறவில்லை.

கடைசியில் ஈ நெடுவரிசையை வரிசை வரிசையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 1 பாகையும் 179 பாகையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 2-ஐ 178 அழிக்கிறது. 90-இல் மதிப்பு 0. மீதி நிற்பது 0 பாகை மட்டும், அதற்கு அந்தப் பக்கம் ஜோடி இல்லை. கீழ்ப்பாதியில் அதேபோல் 180 தனியாக நிற்கிறது. இரண்டும் ஆளுக்கு 1 தருகின்றன. 2-ஐ 360-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்குங்கள்: 0.0111.

அப்படியென்றால் தப்பு எங்கே? சி நெடுவரிசையில். அலை −1-இலிருந்து 1-க்குத் தாவும் அந்தப் புள்ளியில் நான் 1 என்று போட்டிருந்தேன். அங்கே 1-ம் இல்லை, −1-ம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள 0-வைப் போட வேண்டும். 0, 180 இரண்டு வரிசைகளிலும் 0 போட்டதும் கொசைன் கெழுக்கள் எல்லாம் சுத்தமாக 0 ஆயின. ஃபூரியர் தொடரே தாவும் இடத்தில் நடு மதிப்பைத்தான் பிடிக்கிறது. 1829-இல் டிரிக்லே என்ற கணிதவியலாளர், எந்த மாதிரிச் சார்புகளுக்கு இந்தத் தொடர் ஒருங்கும் என்று நிறுவியபோது இதையும் சேர்த்தே காட்டினார். கல்லூரியில் இந்த நடு மதிப்பு விதியைப் படித்தது நினைவிருக்கிறது; எதற்கு என்று அப்போது தெரியாது.

நான்காம் படி: திரும்பக் கூட்டுவது

இப்போது கெழுக்களை வைத்து அலையைக் கட்டுங்கள். எஃப் நெடுவரிசையில் முதல் அலை மட்டும், ஜி-யில் முதலும் மூன்றும், ஐ-யில் ஐந்தையும் சேர்த்து (எச்1-இல் ஹார்மோனிக் எண் இருப்பதால் எச்-ஐ விட்டுவிடுங்கள்). எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். மேடு தட்டையாகிக்கொண்டே போவதும், ஓரம் செங்குத்தாகிக்கொண்டே போவதும் தெரியும்.

உச்சியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அலையில் 1.27. இரண்டில் 1.20, அது 45 பாகையில். மூன்றில் 1.19, 30 பாகையில். பத்து அலை சேர்த்தால் 1.18, 9 பாகையில். அலைகளைச் சேர்க்கச் சேர்க்க உச்சி ஓரத்தை நோக்கி ஒதுங்குகிறது, ஆனால் 1-க்கு இறங்கி வரவில்லை. எத்தனை சேர்த்தாலும் 1.179-க்குக் கீழே போகாது. தாவலின் உயரம் 2, மிஞ்சி நிற்பது 0.179, அதாவது தாவலில் ஏறக்குறைய 9 விழுக்காடு. கிப்ஸ் விளைவு என்று இதற்குப் பெயர். 1899-இல் அமெரிக்க இயற்பியலாளர் கிப்ஸ் விளக்கியதால் அவர் பெயர் நின்றுவிட்டது. வில்பிரகாம் என்ற ஆங்கிலேயர் 1848-இலேயே இதைக் கண்டு எழுதியிருந்தார். அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டுத் தாளில் தப்பு தேடாதீர்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். தொடரில் அ-வுக்கு 90 பாகையைப் போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 4/பை × (1 − ⅓ + ⅕ − …). அதாவது பை/4 = 1 − ⅓ + ⅕ − 1/7 + … ஃபூரியருக்கு நானூறு ஆண்டுகள் முன்பு, 14-ஆம் நூற்றாண்டில், கேரளத்தின் சங்கமகிராம மாதவன் கண்ட தொடர் என்று அவருடைய வழிவந்தவர்கள் குறித்துவைத்த அதே தொடர். இன்வெர்ட்டரின் சத்தத்தில் தொடங்கி அங்கே போய் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஃபேன் ஏன் உறுமியது

ஒரு சைன் அலையின் ஆற்றலுக்கு, கெழுவின் வர்க்கத்தில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 1.2732-இன் வர்க்கத்தில் பாதி 0.81. சதுர அலையின் மொத்தம் 1. ஆக 50 ஹெர்ட்ஸில் இருப்பது 81 விழுக்காடுதான். 150-இல் 9, 250-இல் 3, இப்படி மீதி 19 விழுக்காடும் மேலே சிதறிக் கிடக்கிறது. ஃபேன் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்டது. மேலே உள்ளவை அதை அதிரவும் கூடுதலாகச் சூடாகவும் வைக்கின்றன. காதில் விழுந்த உறுமல் அதுதான்.

பின்னர் சேர்த்தது

இதைச் செய்து பார்த்த ஒருவர் தாளில் 200-ஆவது ஹார்மோனிக் வரை போயிருக்கிறார். 179-க்கு 0.0071 வர வேண்டிய இடத்தில் 0.0001 வந்தது, 181-க்கு எதிர்க்குறியே வந்துவிட்டது என்றார். அவருடைய தாளில் தப்பில்லை. முழுப் பாகைகளில் மட்டும் பார்த்தால் சைன் 181அ-வும் சைன் 179அ-வும் குறி மட்டும் மாறிய ஒரே எண்கள். 360 புள்ளியால் 180-க்கு மேல் பிரித்தறிய முடியாது. 35-ஆவதிலேயே 3 விழுக்காடு பிழை வந்துவிடுகிறது. வரிசைகளின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நம்புங்கள், மேலே வேண்டுமென்றால் அரைப் பாகைக்கு ஒரு வரிசை போடுங்கள்.

இன்னொருவர் கேட்டது, கடைகளில் 'மாடிஃபைடு சைன் வேவ்' என்று விற்கிறார்களே, அது என்ன என்று. பல வகை உண்டு. நல்ல வகை ஒன்றில் அலை 30 முதல் 150 வரை மேலே, 210 முதல் 330 வரை கீழே, மற்ற இடங்களில் 0. சி நெடுவரிசையை அப்படி மாற்றி எச்1-இல் 3 போடுங்கள். மூன்றாம் ஹார்மோனிக் முழுவதுமாக 0 ஆக வேண்டும், அந்த 30 பாகை இடைவெளியை விட்டதே அதற்காகத்தான். உங்களுக்கு 0.0111 வந்தால், 30, 150, 210, 330 ஆகிய நான்கு வரிசைகளிலும் பாதி மதிப்பைப் போட மறந்திருக்கிறீர்கள்.