மூன்று நிமிடப் படிச் சோதனை: பெண்கள் வீட்டிலேயே செய்து பார்க்க

மூச்சு வாங்கினால் உடனே பழியை எடைமேல் போடுகிறோம். எடை மெஷினில் ஏறி நின்றால் கிலோதான் தெரியும். உடல் எவ்வளவு உழைப்பைத் தாங்குகிறது என்பது தெரியாது. அதைப் பார்க்க ஒய்.எம்.சி.ஏ. படிச் சோதனை எளிய வழி: மூன்று நிமிடம் படி ஏறி இறங்கி, உடனே நாடியை எண்ணுவது. எண் குறையக் குறைய நல்லது.

நெஞ்சுவலி, முழங்கால் வலி, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பிபி மாத்திரைகளில் சில துடிப்பையே குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

30 செ.மீ. உயரத்தில் ஆடாத மரப் பெஞ்ச் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் கூடவே கூடாது, ஓரத்தில் மிதித்தால் கவிழும். சேலையும் நைட்டியும் காலைத் தடுக்கும்; சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். போனில் மெட்ரோனோம் செயலியை (சீரான தாளத்தில் 'டக் டக்' என்று தட்டும்) நிமிடத்துக்கு 96 தட்டில் ஓடவிடுங்கள். தட்டுக்கு ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 24 ஏற்றம், மூன்று நிமிடம். சுவரைப் பிடிக்காதீர்கள், தொடையில் கை ஊன்றாதீர்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

முடிந்ததும் உட்கார்ந்து, 5 விநாடிக்குள் தொடங்கி முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். நாடியைத் தேடுவதிலேயே 20 விநாடி போய்விடும். அதற்குள் இதயம் அடங்கிவிடுவதால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். அதனால் ஏறுவதற்கு முன்பே மணிக்கட்டில் நாடி கிடைக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் தொடுங்கள். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு, அது குழப்பும்.

இப்போது எடைக்கு வருவோம். மூன்று நிமிடத்தில் 72 முறை 30 செ.மீ. ஏறுகிறீர்கள். 60 கிலோ பெண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ஆக்சிஜன் தேவை, 75 கிலோ பெண்ணுக்கு 1.9 லிட்டர். இருவர் நாடியும் 115 என்றால், எடை கூடியவரின் இதயம் அதே துடிப்பில் கூடுதல் வேலை செய்திருக்கிறது. அவரைச் 'சோம்பேறி' என்பது அநியாயம்.

எடை குறைவாக இருந்தும் நாடி 140ஐத் தாண்டுகிறதா? ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிற பெண்களிடம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயட் சொல்லிச் சாப்பாட்டைக் குறைத்தால் இன்னும் மோசமாகும்.

இந்தச் சோதனையின் நாடி எண்ணை மதிப்பிடப் பெரியவர்களுக்கென்று உள்ள அட்டவணை சிறுமிகளுக்குப் பொருந்தாது. வளர்கிற வயதில் எடை ஏறத்தான் செய்யும். அவள் நாடியை அவளுடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எடையை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

30 செ.மீ. ஏறமுடியாதவர்கள் 15 செ.மீ. மாடிப்படியில் தொடங்கலாம், ஆனால் அந்த எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் வேக நடை போட்டு, ஆறு வாரம் கழித்து அதே பெஞ்சில், அதே காலை வேளையில், காபி குடிக்கும் முன் திரும்பச் செய்யுங்கள். கிலோ அப்படியே நின்று நாடி 10 இறங்கியிருந்தாலும் அது முன்னேற்றம்தான்.