பேத்தியின் ஐரோப்பிய வாக்கு: திருக்கடலூரிலிருந்து ஒரு வழிகாட்டல்

பேத்தி டோர்ட்முண்டில் பிறந்தவள், ஜெர்மன் பிரஜை. 2024 ஜூன் 9 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அங்கே 16 வயதுப் பிள்ளைகளுக்கும் முதன்முறையாக வாக்கு கிடைத்தது. மாதிரிச் சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். முப்பதுக்கு மேல் கட்சிகள், வாழையிலை நீளம். "அம்மம்மா, அரசாங்கத்துக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேணுமாம், அப்பா சொல்றார். அதுக்கு எங்க புள்ளடி போடுறது?"

மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் ஊர் ஆட்கள் மாதிரித்தான். உள்ளூராட்சித் தேர்தலில் கொழும்பில் ஆர் பெரியவர் என்று சண்டை பிடித்துவிட்டு, பிறகு வாசல் வாய்க்கால் நாறுது என்று அழுவோமே, அது.

எனக்கு ஏன் அக்கறை? நான் இங்கே திருகோணமலையில் ஒரு மீன் வாடியில் கணக்கு எழுதியவள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகுச் சூரை வரும். வாங்க வருகிறவர் மெல்லிய குழாயொன்றை மீனின் செட்டையடியில் குத்தி இழுப்பார். புழு மொத்தத்தில் சதை வரும். அதைப் புறங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து நிறம் பார்ப்பார். நல்ல சிவப்பென்றால் ஐரோப்பா, மங்கலென்றால் உள்ளூர்ச் சந்தை. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன் இறக்குமதித் தடை நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடலில் நடக்கும் சட்டவிரோத மீன்பிடியை இலங்கை கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம். அதற்குப் பிறகு சிவப்பும் மங்கலும் எங்கள் வாடியில் ஒரே விலை. 2016 ஜூனில் தடை எடுபடும்வரை என் கொப்பியில் ஐரோப்பாவுக்கான பத்தி வெறுமையாகக் கிடந்தது.

ஆகவே பேத்திக்குச் சொன்னது இதுதான். சீட்டை எடுக்க முதல், உன் மனதிலுள்ள குறைகளை ஒரு தாளில் எழுது. வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், பொலிஸ் எல்லாம் பெரும்பாலும் பெர்லினோ மாநிலமோ பார்க்கிற வேலை. அவற்றுக்கு வேறு தேர்தல் வரும். வெட்டிவிடு. மிஞ்சுவது என்ன? வெளிநாட்டு வர்த்தகம், மீன்பிடி ஒதுக்கீடு, எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர், 2017இலிருந்து ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் இல்லாமல் கதைக்கிறது. பிராங்க்பேர்ட்டிலிருந்து கொழும்புக்கு வரும் விமானம் நிறுவனத்தின் பிழையால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் ஆளுக்கு 600 யூரோ என்பதும் ஒன்றியச் சட்டம்தான். அப்படிப் பிந்திய ஒரு வருசம் மருமகன் அதைக் கேட்கவே இல்லை. தெரிந்தால்தானே!

ஒரு நுணுக்கம். மீன் தடையைப் பாராளுமன்றம் போடவில்லை. ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஆணைக்குழு முன்மொழிய, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் சபை போட்டது. ஆனால் ஆணைக்குழுத் தலைவரைப் பாராளுமன்றம் ஏற்கவேண்டும். தேர்தலுக்குப் பிறகு, 2024 ஜூலை 18 அன்று, உர்சுலா வொன் டெர் லையன் 401 வாக்கு எடுத்துத்தான் அந்தப் பதவிக்குத் திரும்ப வந்தார், தேவைப்பட்டது 360. 720 ஆசனத்தில் 96 ஜெர்மனிக்கு. 2024இல் அங்கே ஆசனம் எடுக்கக் குறைந்தபட்ச வாக்கு வீதம் இருக்கவில்லை, நூற்றுக்கு ஒன்றுகூட எடுக்காத கட்சிக்கும் ஆசனம் விழுந்திருக்கிறது. சின்னக் கட்சி பிடித்திருந்தால் வாக்கு வீணாகும் என்று பயப்படாதே.

அடுத்தது வால்-ஓ-மாட், உன் கருத்தைக் கட்சிகளின் நிலைப்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டும் ஜெர்மன் இணையக் கருவி. 38 கூற்றுகள் வரும். சம்மதம், மறுப்பு, நடுநிலை என்று அழுத்து. கடைசியில் வரும் வீதத்தை வேதவாக்காக எடுக்காமல், கட்சிகள் சொன்ன காரணங்களைத் திறந்து வாசி. அங்கேதான் சரக்கு.

பிறகு பழைய கணக்கைப் பார். எங்களுக்கு ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகையைத் திரும்பத் தருவதை மறிக்க 2017 ஏப்ரலில் ஒரு பிரேரணை வந்தது. 119 பேர் ஆதரவு, 436 பேர் எதிர்ப்பு, தோற்றது. 2021 ஜூன் 10 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொன்ன தீர்மானம் 628க்கு 15 என்று நிறைவேறியது. சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றியும் யோசிக்கச் சொன்னது அது. எனக்கு முதல் பாதி இனிப்பு, மற்றப் பாதி வயிற்றெரிச்சல். பெயர் சொல்லிப் பதியப்பட்ட வாக்கெடுப்புகளைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஜெர்மன் மொழியிலேயே பார்க்கலாம். உன் கட்சிக்காரர் அந்தப் பாராளுமன்றத்தில் எந்தக் கட்சிக் கூட்டணியோடு இருக்கிறார் என்றும் கவனி. வீட்டில் ஒன்று பேசி அங்கே இன்னொன்று செய்கிறவர்கள் அதில் அகப்படுவார்கள்.

சூரிச், ஒஸ்லோ, லண்டன் சொந்தக்காரர் கோபிக்க வேண்டாம், உங்கள் நாடுகள் ஒன்றியத்தில் இல்லை, அதனால் இது உங்களுக்கு இல்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு ஜெர்மனியில் இருப்பவர் அங்கேயே போடலாம். முதல்தடவை என்றால் தேர்தலுக்கு 21 நாளுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் போட்டால் குற்றம். அடுத்தது 2029.

பேத்தி ஒரு சனிக்கிழமை சந்தையில் கட்சிக் கொட்டகைகளுக்குப் போய், "மீன்பிடிக் குழுவில் உங்கட ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டாளாம். ஒருவர் பலூன் கொடுத்தார். இன்னொருவர் மின்னஞ்சல் முகவரியை எழுதிக்கொண்டார். பதில் வந்தது, தேர்தல் முடிந்து மூன்றாம் கிழமை.